எலுமிச்சை மணத்துக்கும் அதே சட்டம்தான்

ஆம்ஸ்டர்டாமில் 2008-லும் 2009-லும் கஞ்சாவுக்கென்றே நடந்த போட்டியில் பரிசு வாங்கிய ரகம் 'சூப்பர் லெமன் ஹேஸ்'. லெமன் ஸ்கங்க், சூப்பர் சில்வர் ஹேஸ் என்ற இரண்டு ரகங்களின் கலப்பு அது. அதன் மணத்தில் லிமோனின் என்ற வாசனைப் பொருளுக்கும் பங்கு உண்டு. ஊறுகாய்க்கு நறுக்கும் எலுமிச்சையின் தோலிலும் அதேதான் இருக்கிறது. ஆனால் தலையைச் சுற்றவைப்பது லிமோனின் இல்லை, டி.எச்.சி. என்ற வேதிப்பொருள். மணத்தை வைத்து வீரியத்தை அளக்க முடியாது.

இந்தப் பெயர்கள் இப்போது மதுரைக் கல்லூரிப் பிள்ளைகளின் கைபேசிவரை வந்துவிட்டன. தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து எடுத்தது. அதன்பின் பாங்காக்கிலிருந்து 'ஹைட்ரோ' கஞ்சாவோடு வந்து இறங்குபவர்களைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை அடிக்கடி பிடிக்கிறது. மண்ணில்லாமல், அறைக்குள் விளக்கு வெளிச்சத்தில் வளர்த்த சரக்கு இது. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் டி.எச்.சி. அளவு 1995-ல் சராசரியாக 4 சதவீதம், 2014-ல் 12. ஹைட்ரோ அதையும் தாண்டும். "செடிதானே, கெமிக்கல் இல்லையே" என்று இழுக்கிற பையனுக்குப் படபடப்பும், யாரோ துரத்துகிறார்கள் என்ற பயமும், சிலருக்கு மனச்சிதைவு போன்ற நிலையும் வருவதற்கு இந்த வீரியம் ஒரு காரணம். பதின்வயதில் தொடங்கியவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

சட்டம் ரகத்தைப் பார்ப்பதில்லை, எடையைப் பார்க்கிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி 1 கிலோ வரை 'சிறு அளவு': ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு': குறைந்தது 10 ஆண்டு, அதிகம் 20. இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை. இந்த எடைகள் 2001-ல் வகுத்தவை. நாட்டுப் பொட்டலத்தையும் ஹைட்ரோவையும் ஒரே தராசில் வைப்பது சரியா என்று கேட்கலாம். எடைகளை வகுத்த மத்திய அரசுதான் பதில் சொல்ல வேண்டும்.

அதிகம் பேர் ஏமாறுவது விதையில். விதையும் தனி இலையும் 'கஞ்சா' என்ற வரையறைக்குள் வராது என்பது உண்மை. அதை நம்பி மாடியில் ஒரு தொட்டியில் ஊன்றினால் கதை வேறு. செடி வளர்ப்பது தனிக் குற்றம். எடைக் கணக்கு அதற்குக் கிடையாது, 10 ஆண்டு வரை போகலாம். உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டவர்களுக்கும் இதில் பங்குண்டு: நிலத்தில் கஞ்சா நிற்பது தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருந்தால், சட்டத்தின் 46-ஆம் பிரிவில் நிலத்துக்காரரும் தண்டனைக்கு உரியவர். பள்ளிப் பிள்ளையிடம் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பியவருக்குச் சிறார் நீதிச் சட்டத்தில் 7 ஆண்டு வரை உண்டு.

இனி, பிடிபட்டால். உடம்பைச் சோதிக்கும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதனை கேட்கும் உரிமை 50-ஆம் பிரிவில் இருக்கிறது. அதைப் போலீசாரே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. கைப்பைக்கு இது பொருந்தாது. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் பையைத் திறந்து பார்த்ததை வைத்து வாதாடிப் பயனில்லை. விசாரணை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சான்றாகாது என்பது தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 2020-ல் வந்த தீர்ப்பு. பறிமுதல் சரக்கின் மாதிரியை நடுவர் முன்னிலையில் எடுக்க வேண்டும் என்பது 52ஏ பிரிவு. 2023-ல் சென்னையில், நீதிமன்றத்தில் காட்ட வேண்டிய 22 கிலோ கஞ்சாவை எலி தின்றுவிட்டதாகப் போலீசார் சொல்ல, இருவர் விடுதலையானார்கள். சிரிப்பு வரும்தான், ஆனால் அதை நம்பி யாரும் வழக்கில் இறங்க வேண்டாம். வணிக அளவு என்றால் ஜாமீனே குதிரைக்கொம்பு. குண்டர் சட்டத்தில் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். கஞ்சாவில் சம்பாதித்த சொத்தை முடக்கும்போது உறவினர் பெயரில் இருப்பதும் தப்பாது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100-க்கு அழைத்தாலும் வழி சொல்வார்கள்.

பெற்றோர் பலருக்குத் தெரியாதது 64ஏ பிரிவு. போதைக்கு அடிமையானவர், சிறு அளவு வழக்கிலோ பயன்படுத்திய வழக்கிலோ சிக்கியிருந்தாலும், தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால் அந்த வழக்கிலிருந்து விலக்கு உண்டு. பாதியில் விட்டால் விலக்கு பறிபோகலாம். மதுரையில் அரசு இராஜாஜி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14446 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். புறநோயாளி சீட்டு முதல் கடைசி மருந்துச் சீட்டு வரை எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நீதிமன்றத்தில் வக்கீல் முதலில் கேட்பது அதைத்தான்.