நான்கு விநாடிக்கு ஒரு கடல் மைல்

நடு இரவு. கீழே கடல். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு விளக்குகூட இல்லை. செயற்கைக்கோள்கள் வழிகாட்டாத 1950-களில், இத்தகைய இரவில் பறந்த விமானம் தான் இருக்கும் இடத்தை எவ்வாறு அறிந்தது? நேவிகேட்டர் எனப்படும் வழிகாட்டி, செக்ஸ்டன்ட் கருவியால் ஒரு விண்மீனின் உயரக் கோணத்தை அளப்பார். அளந்த நேரத்தையும் குறித்துக்கொள்வார். பிறகு அட்டவணைகளைப் பார்த்துக் கணக்கிடுவார்.

கோணம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. அப்படியானால் 4 விநாடியில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. நிலநடுக்கோட்டில் இது ஒரு கடல் மைல், ஏறத்தாழ 1.85 கிலோமீட்டர். முள்ளைப் பார்ப்பதில் ஒரு நிமிடம் பிசகினால் இடம் 28 கிலோமீட்டர் தள்ளிப்போய்விடும்! எரிபொருள் குறைந்துவரும்போது ஒரு சிறு தீவைத் தேடுபவருக்கு இது சின்னப் பிழையா?

இந்த வேலைக்காகவே 1948-ல் பிரிட்டன் வகுத்த விதிகளின்படி உருவானது 'மார்க் 11' கைக்கடிகாரம். சுவிட்சர்லாந்தின் ஐ.டபிள்யூ.சி., ஜேகர்-லெகூல்ட்ர் நிறுவனங்கள் இதைச் செய்தன. பார்த்தால் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். கறுப்பு முகப்பு, வெள்ளை எண்கள், மூன்று முட்கள், அவ்வளவுதான். தேதி இல்லை, பூவேலை இல்லை. பின்னாளில் 12 என்ற எண்ணைக்கூட எடுத்துவிட்டு ஒரு முக்கோணத்தை வைத்தார்கள். இருட்டில் மேல்பக்கம் எது என்று நொடியில் தெரிய வேண்டுமல்லவா? இதை அழகான கடிகாரம் என்று இன்றும் பலர் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், கண்ணை ஏமாற்ற அதில் ஒன்றுமே இல்லாததுதான் அந்த அழகு.

எளிமையெல்லாம் முகப்பில் மட்டும்தான். சாவித் திருகை வெளியே இழுத்தால் விநாடி முள் நின்றுவிடும். வானொலியின் நேர ஒலி கேட்டதும் உள்ளே அழுத்தினால் மிகச் சரியாக ஓடத் தொடங்கும். விமானத்தின் மின்கருவிகளால் காந்தப்புலம் உண்டாகும். மெல்லிய சுருள்வில் காந்தமேறினால் அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கடிகாரம் வேகமாக ஓடும். ஆகவே இயந்திரத்தைத் தேனிரும்பு உறைக்குள் வைத்தார்கள். காந்த விசைக்கோடுகள் இரும்பின் வழியாகவே சுற்றிச் சென்றுவிடும்.

இருளில் ஒளிர்வதற்கு முட்களில் பூசியது, தொடக்கத்தில், ரேடியம் கலந்த துத்தநாக சல்ஃபைடு. ரேடியத்தின் ஆல்ஃபா துகள்கள் மோதுவதால் சல்ஃபைடு ஒளிரும். 1960-களில் ரேடியத்தை நீக்கி, தீங்கு குறைந்த டிரிட்டியத்தைப் பயன்படுத்தினார்கள்.

அந்தப் பழைய கடிகாரங்கள் இன்று ஒளிர்வதில்லை. ரேடியம் தீர்ந்துவிட்டதா? இல்லை. அதன் அரை ஆயுட்காலம் சுமார் 1,600 ஆண்டுகள்! ஓயாத தாக்குதலில் சிதைந்துபோனது சல்ஃபைடு படிகங்கள்தாம். தாத்தாவின் பெட்டியில் அந்தக் காலத்து ஒளிர்முள் கடிகாரம் கிடைத்தால், மூடியைத் திறந்து பூச்சைச் சுரண்டிப் பார்க்காதீர்கள்.