ஏலமும் கிரயமும்: குடியானவர் அறியவேண்டிய சில சொற்கள்

குடியானவர் பல மாதங்கள் பாடுபட்டு விளைவித்த சரக்கு சில நிமிஷங்களில் கைமாறிவிடுகின்றது. அச்சிறு பொழுதில் வழங்கும் சொற்கள் மிகச் சிலவே. ஆயினும் அவற்றின் பொருளைச் செவ்வனே உணராதவிடத்து, வயலில் கிடைத்த லாபம் சந்தையில் தொலைந்துபோதல் கூடும். ஆதலின் ஏலம், விற்பனை ஆகியவற்றைப் பற்றிய முக்கியமான சொற்களின் பொருளும் வழக்கும் ஈண்டு விளக்கப்படுகின்றன.

ஏலம் என்னும் சொல்

ஏலம் என்பது பழந்தமிழில் ஏலக்காயைக் குறிப்பது. பலரும் போட்டியிட்டு விலை கேட்கும் விற்பனையைக் குறிக்கும் ஏலமோ போர்ச்சுகீசியர் வாயிலாக வந்த வேறு சொல்லாகும். மலையாளத்தில் இது லேலம் என்றும், ஹிந்தியில் நீலாம் என்றும் வழங்குகின்றது. இதன் மூலம், அறிவித்தல் எனப் பொருள்படும் அரபுச் சொல் என்பர். இப்பொருள் நினைவிற் கொள்ளத்தக்கது. பலரும் அறியக் கூறுவதே ஏலத்தின் உயிர்நாடி. நாலு பேர் அறியாமல் நடக்கும் ஏலம் பெயரளவில் மட்டுமே ஏலமாகும்.

இவ்வொரு சொல்லோடு சேரும் வினைகள் பல. உடையவர் ஏலம் விடுகிறார். ஏலக்காரர் ஏலம் கூறுகிறார். வியாபாரிகள் ஏலம் கேட்கின்றனர். அவர்களுள் ஒருவர் ஏலம் எடுக்கிறார். சரக்கு ஏலம் போகின்றது. விடுபவரே ஆள் வைத்துக் கேட்பாராயின், அல்லது கூறுபவரே மறைவில் எடுப்பாராயின், ஏலம் கெடுகின்றது.

கேள்வியும் மூன்று தரமும்

வாங்குபவர் சொல்லும் விலைக்குக் கேள்வி என்று பெயர். கேள்வி என்பது வேண்டுகோளே யன்றி முடிவன்று. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64-ஆவது பிரிவின்படி, சுத்தியல் தட்டியோ வேறு வழக்கமான முறையிலோ ஏலக்காரர் முடிவை அறிவிக்கும்போதுதான் விற்பனை பூர்த்தியாகின்றது. அதுவரையில் கேட்டவர் தம் கேள்வியைத் திரும்பப் பெறலாம். நம் நாட்டில் "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று கூறுவதே அவ்வழக்கமான முறை. மூன்றாவது தரம் கூறிய பின்னர் விற்றவரும் வாங்கியவரும் கட்டுப்பட்டவராவர்.

விற்பவர் தாமும் கேட்கும் உரிமையை வைத்துக்கொள்வதாயின், அதனை முன்னரே வெளிப்படையாகத் தெரிவித்தல் வேண்டும். விலையை ஏற்றும்பொருட்டுப் பொய்க் கேள்வி கேட்கச் செய்தால், வாங்கியவர் விரும்பினால் அவ்விற்பனையை ரத்து செய்துகொள்ளலாம். ஆனால் இன்ன விலைக்குக் குறைந்து கொடுப்பதில்லை என்று முன்கூட்டி அறிவித்து ஏலம் விடுவதற்குத் தடையில்லை.

தரம் என்னும் சொல் தடவையையும் குறிக்கும். சரக்கின் உயர்வு தாழ்வையும் குறிக்கும். மூன்று தரம் கூறுமுன் சரக்கின் தரம் பிரித்து வைக்கப்பட்டிருத்தல் வேண்டும். நல்ல நிலக்கடலையும் பூஞ்சணம் பிடித்த கடலையும் கலந்த குவியலுக்கு, வியாபாரி மட்டமானதையே அளவாகக் கொண்டு விலை சொல்லுவார்.

கிரயம், உடன்படிக்கை, அச்சாரம்

கிரயம் என்பது வடமொழியில் வாங்குதலைக் குறிக்கும். விற்றலுக்கு அங்கே விக்கிரயம் என்று பெயர். தமிழ்ப் பத்திரங்களில் கிரயம் என்பதே விற்பனைக்கும் விலைக்கும் வழங்கி வருகின்றது. நிலத்தைப் பொறுத்தவரையில், கிரய உடன்படிக்கை வேறு, கிரயப் பத்திரம் வேறு. உடன்படிக்கை பின்னர் விற்பதாகச் செய்யும் வாக்குறுதி. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, அவ்வுடன்படிக்கை மாத்திரத்தால் நிலத்தில் பாத்தியம் உண்டாவதில்லை. பதிவான கிரயப் பத்திரத்தாலேயே பாத்தியம் மாறுகின்றது.

அச்சாரமும் முன்பணமும் ஒன்றெனப் பலர் எண்ணுகின்றனர். அச்சாரம் வாக்குத் தவறாமைக்கு ஈடாகக் கொடுப்பது. வாங்குபவர் பின்வாங்கினால் அதனை இழக்க நேரும். முன்பணம் விலையில் ஒரு பகுதியை முந்திக் கொடுப்பது. கைமாறும் தொகை இவ்விரண்டில் எது என்பதை ரசீதில் எழுதிக்கொண்டால் பிற்பாடு வழக்கிற்கு இடமிராது.

விலையும் கைக்கு வருவதும்

மண்டியில் சொல்லும் விலை வேறு, குடியானவர் கைக்கு வரும் தொகை வேறு. இடைநின்று முடித்தவருக்குத் தரகு. கோயிலுக்கும் தருமத்திற்கும் என்று மகமை. தூசிக்கும் ஈரத்திற்கும் கழிவு. மூட்டை ஏற்றி இறக்கக் கூலி. இவை தனித்தனியே சிறியவை; கூடினால் பெரியவை. ஓரிடத்தில் குவிண்டாலுக்கு 2,000 ரூபாய் விலையும், நூற்றுக்கு 3 வீதம் தரகும், 10 ரூபாய் கூலியும் என்று வைத்துக்கொள்வோம். கையில் நிற்பது 1,930 ரூபாய். மற்றோரிடத்தில் பிடித்தமின்றி 1,950 ரூபாய் கிடைப்பதாயின் அதுவே மேலானது. ஆதலின் "என்ன விலை?" என்று கேட்பதோடு நில்லாமல், "பிடித்தம் போக என்ன?" என்றும் கேட்டறிதல் வேண்டும்.

இப்பிடித்தங்களையும், துண்டிற்குள் விரல் பிடித்து விலை பேசுதல் போன்ற மறைவான முறைகளையும் ஒழிக்கும்பொருட்டே ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் ஏற்பட்டன. 1928-இல் வெளியான ராயல் விவசாயக் கமிஷன் அறிக்கை இவற்றை வற்புறுத்தியது. சென்னை மாகாணத்தில் 1933-இல் சட்டம் இயற்றப்பட்டு, 1936-இல் திருப்பூரில் பருத்திக்கென முதற் கூடம் ஏற்பட்டது. தமிழ்நாட்டில் இப்பொழுது நடப்பது 1987-ஆம் ஆண்டின் சட்டம். இக்கூடங்களில் மறைமுக ஏலம் என்னும் முறை வழங்குகின்றது. வியாபாரிகள் ஒருவர் விலையை மற்றொருவர் அறியாதபடி எழுதிக் கொடுப்பர்; பின்னர் அவை ஒப்பிடப்பட்டு உயர்ந்த விலை அறிவிக்கப்படும். மறைவு கேள்வியில் மட்டுமே, முடிவில் இல்லை. விலை கட்டாதெனில் குடியானவர் சம்மதிக்க மறுத்துச் சரக்கை நிறுத்திவைக்கலாம். சந்தைக் கட்டணம் வாங்குபவரைச் சார்ந்தது.

கிராம அதிகாரிகள் கவனிக்க வேண்டியவை

புளிய மகசூல் ஏலத்தில் எடுத்தவருக்குக் காய் உரிமையுண்டு, மரத்தில் உரிமையில்லை. கிளையை வெட்டுதல் கூடாது. இவ்வளவும் ஏல நிபந்தனையில் எழுதப்பட்டு, முதற் கேள்விக்கு முன் உரக்கப் படிக்கப்படுதல் நன்று.

நீதிமன்ற ஜப்தி ஏலத்தில் நிலத்தை எடுத்தவர் கிரயத்தில் நூற்றுக்கு 25 வீதம் உடனேயும், மிச்சத்தை 15 நாட்களுக்குள்ளும் கட்ட வேண்டும். அவ்வேலத்தில் கடமை ஏற்ற எவரும் தாமாகவோ பிறர் பேரிலோ கேட்டல் கூடாதென்பது சட்டம். தமுக்கு அடித்து அறிவிப்பதைச் சடங்காக நினைத்தல் தகாது. அறிவிப்புக் குறைந்தால் கேட்பவர் குறைவர். கேட்பவர் குறைந்தால் ஏழையின் நிலம் அடிமாட்டு விலைக்குப் போகும்.

எனவே குடியானவர்கள் சந்தைக்குப் போகுமுன் மூன்றை உறுதி செய்துகொள்ளுதல் வேண்டும்: கேள்வி எப்பொழுது முடிவாகின்றது, கொடுக்கும் பணம் அச்சாரமா முன்பணமா, பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு. இம்மூன்றிற்கும் விடை தெரிந்த பின்னரே சரக்கை அவிழ்த்துக் காட்டுதல் நலம்.