மேடு ஏறினால் தங்கம். நடுவில் நின்றால் போச்சு!

கிழட்டுக் கார்களில் விடிய விடிய ஒரு பரீட்சை

நடுராத்திரி மணி 2. சுற்றிலும் கும்மிருட்டு. மழை தூறிக்கொண்டிருக்கிறது. ஊருக்கு வெளியே, ஆள் நடமாட்டம் இல்லாத சேற்றுப் பாதையில் வரிசையாக கார்கள் நிற்கின்றன. பல கார்களுக்கு கூரையே கிடையாது. உள்ளே இருப்பவர்கள் தலையில் குல்லாயும் கழுத்தில் மப்ளருமாக குளிரில் வெடவெடக்கிறார்கள். ஒருவர் இறங்கிப் போய் பின்சக்கரத்தில் காற்றைப் பிடுங்கி விடுகிறார். உஸ்ஸ்ஸ்!

கடத்தல் கும்பலா? கொள்ளைக் கூட்டமா? இரண்டும் இல்லை. பகலில் ஆபீஸ் போகும் குமாஸ்தாக்கள், பட்டறைக்காரர்கள், கடைக்காரர்கள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள். எல்லாரும் கைக்காசைக் கட்டிவிட்டு கண் விழிக்க வந்தவர்கள்!

இடம், இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை. நேரம், ஈஸ்டருக்கு முந்தைய புனித வெள்ளி இரவு. நடப்பது, "லேண்ட்ஸ் எண்ட் டிரையல்". மோட்டார் சைக்கிளிங் கிளப் என்ற சங்கம் 1908-ம் ஆண்டில் தொடங்கிவைத்த சோதனை ஓட்டம். உலகப் போர்களின்போது நின்றது. கொரோனா வந்த 2020-ல் நின்றது. மற்றபடி பெரும்பாலும் ஈஸ்டர் வந்தால் கார்களும் வந்துவிடும்.

பந்தயம் அல்ல, பரீட்சை

இதில் முதலில் வந்தவர் யார் என்ற கேள்வியே கிடையாது. மைக்கில் கத்துபவர் இல்லை. பணப்பரிசு இல்லை. வேகமாகப் போனால் மெடல் கிடைக்காது. போலீஸ் நோட்டீஸ்தான் கிடைக்கும்!

விதி சுலபம். ராத்திரி முழுக்க சாதாரண ரோட்டில், எல்லோரையும் போல ஒழுங்காக ஓட்டிப் போக வேண்டும். வழியில் அங்கங்கே செங்குத்தான மண் மேடுகள் இருக்கும். சேறு, உருட்டுக்கல், வேர், பாறை எல்லாம் கலந்த பழைய வண்டிப் பாதைகள். மேட்டின் அடியில் ஒரு பலகை, உச்சியில் ஒரு பலகை. கீழ்ப் பலகையில் கிளம்பிய கார் மேல்ப் பலகை வரை நிற்காமல் ஏற வேண்டும். சக்கரம் முன்னே உருளுவது நின்றதா? அந்த மேடு பெயில்!

சில மேடுகளில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பாதி மேட்டில் கோடு போட்டிருப்பார்கள். அங்கே வேண்டுமென்றே நிறுத்தி, கொடி அசைந்ததும் மறுபடி கிளம்ப வேண்டும். கிளம்பும்போது கார் பின்னால் நழுவினால் அம்பேல்.

எல்லா மேட்டையும் ஏறினால் தங்கம். ஒன்று தவறினால் வெள்ளி. இரண்டு தவறினால் வெண்கலம். இதே சங்கம் "எக்ஸிட்டர்", "எடின்பரோ" என்று இன்னும் இரண்டு ஓட்டங்கள் நடத்துகிறது. ஒரே ஆண்டில் மூன்றிலும் தங்கம் வாங்குகிறவருக்கு "டிரிபிள்" என்று தனி விருது. எடின்பரோ ஓட்டத்தில் ஒரு வேடிக்கை. இப்போது அது எடின்பரோ பக்கமே போவதில்லை. இங்கிலாந்தின் நடுவே, டெர்பிஷயர் மலைகளோடு முடிந்துவிடுகிறது. பெயர் மட்டும் பழசு!

புதருக்குள் போலீஸ்

இந்த சங்கம் பிறந்தது 1901-ல். அன்றைக்கு மோட்டார் என்றால் நாலு மைல் போவதற்குள் நின்றுவிடும் சாமான் என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். "நிற்காது, பாருங்கள்" என்று காட்டவே சோதனை ஓட்டங்கள் வந்தன. 1904-ல் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு சுமார் 400 மைல். 24 மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்றார்கள்.

வேகமாகவும் போக முடியாது. 1903-ல் வந்த சட்டப்படி மணிக்கு 20 மைல்தான் உச்ச வேகம். நம் கணக்கில் 32 கிலோமீட்டர். போலீசார் ஸ்டாப் வாட்சுடன் வேலிப் புதருக்குள் ஒளிந்திருந்து ஆளைப் பிடித்தார்கள். எங்கே போலீஸ் பதுங்கியிருக்கிறது என்று கார்க்காரர்களை எச்சரிக்கவே 1905-ல் ஒரு சங்கம் உண்டாயிற்று. அதுதான் இன்றைக்கும் பிரபலமான ஆட்டோமொபைல் அசோசியேஷன்! அந்த 20 மைல் கட்டுப்பாடு நீங்கியது 1930-ல்தான்.

வேகத்தைச் சோதிக்க வழியில்லை என்றால் வேறு எதைச் சோதிப்பது? மேடு ஏறும் சக்தியை. அப்படித்தான் மேடுகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

ஒரு கால் முறிந்தது!

மேட்டில் வேகப் போட்டியும் ஒரு பக்கம் நடந்துகொண்டுதான் இருந்தது. பொது ரோட்டையே ஒரு நாள் மறித்து, யார் சீக்கிரம் ஏறுகிறார்கள் என்று பார்ப்பார்கள். ஜனங்கள் ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பார்கள். கயிறு இல்லை, தடுப்பு இல்லை.

1925 மார்ச் மாதம். பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் "காப் ஹில்" என்ற மேடு. ஒரு புகாட்டி கார் சீறிக்கொண்டு ஏறியது. பாதையை விட்டு விலகியது. ஓரத்து மண்மேட்டில் பாய்ந்தது. அங்கே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர் மீது மோதியது. அவருடைய கால் முறிந்தது.

உயிர்ச் சேதம் இல்லை. ஆனாலும் மோட்டார் பந்தயங்களைக் கட்டுப்படுத்தி வந்த ராயல் ஆட்டோமொபைல் கிளப் அத்தோடு கதவைச் சாத்தியது. இனி பொது ரோட்டில் வேகப் போட்டிக்கு அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டது. காப் ஹில்லில் இப்போதும் செப்டம்பர் மாதம் பழைய கார்கள் ஏறுகின்றன. ஆனால் நேரம் குறிப்பதில்லை.

வேகத்தைக் கணக்கிடாத "டிரையல்" தப்பித்தது. நிதானமாக ஏறுகிறவனுக்குத்தானே அதில் மதிப்பு!

18 வயசுப் பையன் வரைந்த கார்

இந்த மேடுகளில் புதுக் கார்களும் வருகின்றன. ஆனால் கூட்டம் கைதட்டுவது கிழடுகளுக்குத்தான். அதிலும் செல்லப்பிள்ளை "ஆஸ்டின் செவன்".

1922-ல் வெளிவந்த குட்டிக் கார் இது. பெரும்பாலானவற்றில் என்ஜின் 747 சி.சி. நம் ஊர் மாருதி 800-ஐ விடவும் சின்னது! கம்பெனிக்காரர்கள் இந்த யோசனைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முதலாளி ஹெர்பர்ட் ஆஸ்டின் விடவில்லை. ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயது பையனை வீட்டுக்கு அழைத்துப் போனார். பில்லியர்ட்ஸ் அறையில் உட்கார வைத்து படம் போட வைத்தார். அந்தக் கார் 1939 வரை சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் விற்றது. ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. கம்பெனி முதன்முதலில் தயாரித்த காரே இதன் நகல்தான். லைசென்ஸ் வாங்கி முறைப்படி செய்தது.

இன்னொருவர் கதையையும் சொல்ல வேண்டும். லண்டனில் என்ஜினீயரிங் படித்த காலின் சாப்மன், 1928-ம் வருஷத்து ஆஸ்டின் செவன் ஒன்றைப் பிடித்தார். காதலி ஹேசல் வீட்டு ஷெட்டில் வைத்து அதைப் பிரித்து, 1948-ல் மேடு ஏறும் காராக மாற்றிக் கட்டினார். இருவருமாக டிரையலுக்குப் போனார்கள். அதுதான் முதல் "லோட்டஸ்". பின்னாளில் பார்முலா-1 பந்தயத்தில் 7 முறை கம்பெனி சாம்பியன் பட்டம் வென்ற அதே லோட்டஸ்! ஹேசல் பிறகு அவர் மனைவியானார். சேற்றில் தொடங்கிய சம்பந்தம் கெட்டியாகத்தான் இருந்தது.

குதிப்பதற்கு ஒரு ஆள்

குட்டி என்ஜின் எப்படி சுவர் மாதிரி மேட்டை ஏறுகிறது? சில மேடுகளில் மூன்றடி போனால் ஒரு அடி உயரம். மாடிப்படியில் கார் ஓட்டுவது போலத்தான்.

ரகசியம் என்ஜினில் இல்லை, பின்சக்கரத்தில். டயர் தரையைக் கவ்வ வேண்டும். காற்று கம்மியாக இருந்தால் டயர் சப்பையாகி நிலத்தில் அகலமாகப் படியும். பிடிப்பு கூடும். அதற்குத்தான் மேட்டின் அடியில் "உஸ்ஸ்". ஏறி முடித்ததும் மறுபடி காற்று அடிக்க வேண்டும். இல்லையென்றால் ரோட்டில் டயர் கிழிந்துவிடும். அந்தக் காலத்தில் கால் பம்பு. இப்போது பாட்டரியில் ஓடும் பம்பு.

இன்னொரு சங்கடம் டிபரன்ஷியல். சாதாரண காரில் ஒரு பின்சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுழன்றால் மற்றதற்கும் இழுவை போய்விடும். அதைத் தடுக்கும் விசேஷ டிபரன்ஷியலுக்கு இங்கே அனுமதி இல்லை. நாலு சக்கரமும் இழுக்கும் ஜீப் வகைக்கும் இடமில்லை. அப்படியானால் என்ன செய்வது? பின்பக்கம் பாரம் ஏற்ற வேண்டும். அதனால்தான் பல கார்களின் முதுகில் ஒன்றுக்கு இரண்டு ஸ்டெப்னி!

மிச்ச வேலை பக்கத்து சீட்டுக்காரருக்கு. வழி சொல்ல வேண்டும், காற்று பிடுங்க வேண்டும், காற்று அடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, குதிக்க வேண்டும். ஆமாம், சக்கரம் வழுக்கும்போது சீட்டில் உட்கார்ந்தபடி எம்பி எம்பிக் குதித்தால் பின்சக்கரம் ஒவ்வொரு அமுக்கத்துக்கும் ஒரு பிடி பிடிக்கும்.

கடைசி மேடு

ஒரு அப்பாவையும் மகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஜோடி கற்பனை. மேடு நிஜம், விதி நிஜம்.

அப்பா நகரசபை குமாஸ்தா. மகள் காலேஜில் படிப்பவள். கார், தாத்தா விட்டுப்போன ஆஸ்டின் செவன். ராத்திரி முழுக்க ஓட்டி வந்திருக்கிறார்கள். லின்டன் ஊர் அருகே "பெக்கர்ஸ் ரூஸ்ட்", அதாவது பிச்சைக்காரன் கூடு என்ற பேர்போன மேடு. அதையும் ஏறியாயிற்று. இதுவரை ஒன்றும் தவறவில்லை. இன்னும் ஒன்று ஏறினால் அப்பாவின் வாழ்க்கையில் முதல் தங்கம்.

அது "புளூ ஹில்ஸ் மைன்". கார்ன்வால் கடற்கரையில், செயின்ட் ஆக்னெஸ் ஊர்ப் பக்கம் ஒரு பழைய வெள்ளீயச் சுரங்கம் இருந்த பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் பாறை மேடு. சரிவெல்லாம் ஜனங்கள்.

பாதி மேட்டில் கோடு. அப்பா நிறுத்துகிறார். ஆஸ்டின் செவனின் பிரேக் அந்தக் காலத்திலேயே மட்டம் என்று பேர் வாங்கியது. கார் நிற்கிறதா, நழுவுகிறதா என்று வயிறு கலக்குகிறது. கொடி அசைகிறது.

"குதிம்மா! குதி!"

மகள் குதிக்கிறாள். சக்கரம் கல்லைக் கவ்வுகிறது. கார் ஒரு முழம், இரண்டு முழம் ஏறுகிறது. கூட்டம் ஆரவாரம் செய்கிறது. திடீரென்று பின்பக்கம் வழுக்கி, மூக்கு ஓரத்து மண்மேட்டைப் பார்த்துத் திரும்புகிறது. அங்கே கயிற்றுக்கு உள்ளே ஒரு பையன் படம் பிடிக்க எட்டி நிற்கிறான். அழுத்தினால் ஒருவேளை ஏறிவிடும். ஒருவேளை அவன் மேலேயே ஏறிவிடும்.

அப்பா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். கார் நின்றுவிட்டது. தங்கம் போச்சு!

"ஏம்பா விட்டீங்க? இன்னும் பத்தடிதானே இருந்துச்சு!"

"அந்தப் பையன் கால் தெரிஞ்சுதும்மா. விடு. மேடு எங்கேயும் ஓடிடாது, அடுத்த வருஷமும் இங்கேதான் இருக்கும்."

பையனை தொண்டர் ஒருவர் காதைப் பிடிக்காத குறையாக வெளியே இழுத்தார். கார் மெள்ள மெள்ள ரிவர்சில் இறங்கியது. கையில் வெள்ளிதான்.

பாதை இருக்குமா?

மேடு ஓடிப்போகாதுதான். ஆனால் பாதை?

2006-ல் வந்த ஒரு சட்டம், இங்கிலாந்திலும் வேல்சிலும் பல பழைய மண்பாதைகளில் மோட்டார் வண்டி போகும் உரிமையை நீக்கிவிட்டது. பதிவேட்டில் ஏறாத உரிமைகள் பலவும் ஒரே அடியாகப் போயின. நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் அதில் நியாயம் உண்டு. சேற்றைக் கிளறும் சக்கரம் அவர்கள் வழியைக் கெடுக்கிறது. நடுராத்திரி என்ஜின் சத்தம் யாருக்குத்தான் பிடிக்கும்?

ஆகவே இன்று ஒவ்வொரு மேட்டுக்கும் அனுமதி கேட்க வேண்டும். நிலக்காரரைப் பார்க்க வேண்டும், அதிகாரிகளைப் பார்க்க வேண்டும். ஊருக்குள் சத்தம் போடாமல் போக வேண்டும். மேட்டில் கொடி பிடிப்பவர்கள் சம்பளம் இல்லாத தொண்டர்கள். ஒரு கோபக்கார கிராமம், ஒரு விபத்து, ஒரு புகார் போதும். அந்த மேடு அடுத்த ஆண்டு பட்டியலில் இருக்காது.

அரசு வயதான கார்களுக்குச் சலுகை காட்டத்தான் செய்கிறது. 40 வயதைத் தாண்டிய காருக்கு ரோடு வரி இல்லை. பெரிய மாற்றம் செய்யாமல் வைத்திருந்தால் 2018 முதல் வருடாந்திரச் சோதனையும் கட்டாயம் இல்லை. கார்கள் இன்னும் பல காலம் ஓடும். பட்டறையில் கழற்றி மாட்ட ஆள் இருக்கிறார்கள். ஸ்பேர் பார்ட்டும் கிடைக்கிறது.

பாதைக்கு மட்டும் ஸ்பேர் கிடையாது. போனால் போனதுதான். பத்தடி தூரத்தில் தங்கம் இருந்தும் காலை எடுத்த அந்த அப்பாவைப் போன்றவர்கள் ஓட்டும் வரையில்தான், ஈஸ்டர் ராத்திரியில் அந்த மேட்டின் அடியில் "உஸ்ஸ்" சத்தம் கேட்கும்.