கேம்பிங் டிரெய்லரை ஏற்றி இறக்கும் காற்றுப் பை: வீட்டில் செய்பவர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

ஆஸ்திரேலியாவில் கேம்பிங் டிரெய்லரை காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்புவது பலருக்கு வழக்கமான விடுமுறை. அதை வீட்டு ஷெட்டிலேயே வெல்டிங் வைத்துக் கட்டுபவர்களும் உண்டு. 4.5 டன்னுக்கு உட்பட்ட டிரெய்லர்களைக் கட்டுவதற்கான விதிகளை அரசு விஎஸ்பி 1 என்ற கையேட்டில் தொகுத்திருக்கிறது.

தலைவலி, உயரம்தான். மண் பாதையில் டிரெய்லர் உயரமா இருக்கணும். ஹைவேயில் தாழ்வா இருந்தால்தான் வளைவில் நிதானம். ராத்திரி சரிவான இடத்தில் நிறுத்தினாலும் படுக்கை மட்டமா இருக்கணும். லீஃப் ஸ்பிரிங் போட்டால் ஒரே உயரம்தான். அதனால்தான் ஏர் சஸ்பென்ஷன். சென்னையில் தாழ்தளப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பக்கம் சாய்ந்து இறங்குமே, அதே வித்தைதான்.

கணக்கு எங்கே இடிக்கிறது?

சேஸிஸில் ஒரு முனை சுழலும்படி பொருத்திய இரும்புக் கை. மறுமுனையில் சக்கரம். நடுவில் ரப்பர் காற்றுப் பை. சக்கரம் 50 செ.மீ. தள்ளி, பை 25 செ.மீ.யில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பை 10 செ.மீ. உப்பினால் சக்கரம் 20 செ.மீ. நகரும். லாபம்தானே? இல்லை. சக்கரத்தில் 300 கிலோ என்றால் பை மீது 600 கிலோ. பையின் பரப்பு 100 சதுர செ.மீ. என்றால் சுமார் 85 பிஎஸ்ஐ தேவை. கார் டயரில் 30, 35தான். பள்ளத்தில் விழும்போது இன்னும் எகிறும். பையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அழுத்தம் குறையும், ஆனால் அவ்வளவு உயரமான பை வேண்டும். எங்கே சமரசம் செய்வது என்பதுதான் மொத்த டிசைனும்.

அடுத்து, காசு மிச்சம் என்று இரண்டு பைக்கும் ஒரே டியூப் போடுவது. வளைவில் சுமை ஏறும் பக்கத்துக் காற்று எதிர்ப் பக்கம் ஓடிவிடும். டிரெய்லர் இன்னும் சாயும். ஆகவே பக்கத்துக்கு ஒரு வால்வு. அப்படிச் செய்தால் முகாமிலும் பலன்: சக்கரங்களுக்கு இடையே 180 செ.மீ. இருந்தால், 20 செ.மீ. வித்தியாசத்தில் சுமார் 6 டிகிரி சரிவைச் சமன் செய்யலாம்.

காற்றுப் பை துள்ளலை அடக்காது. ஷாக் அப்சார்பர் தனியாக வேண்டும். காற்று போய்விட்டால் கை வந்து உட்கார ரப்பர் பம்ப் ஸ்டாப்பும் வேண்டும்.

உள்நாட்டுப் பாலைவனத்தில் பகல் 40 டிகிரி, இரவு 10 டிகிரி என்று ஆகும்போது பைக்குள் காற்று கிட்டத்தட்ட 10 சதவீதம் சுருங்கும். எங்கும் ஓட்டை இல்லை, ஆனாலும் காலையில் படுக்கை பின்பக்கம் சரிந்திருக்கும். மூலைகளில் இரும்புக் கால்களை இறக்கி, எடையை அதன் மேல் விட்டுத் தூங்குவதே சரி.

ரிப்பேருக்காக அடியில் படுக்கும்போதும் இதையே செய்யணும், இன்னும் கண்டிப்பாக. பையை நம்பி உள்ளே போகாதீங்க. ஒரு டியூப் பிய்த்துக்கொண்டால் சேஸிஸ் இறங்க ஒரு நொடி போதும். ஸ்டாண்ட் வைத்து, காற்றை முழுதும் இறக்கிவிட்டு, அப்புறம் ஸ்பேனரை எடுங்க.