நாயின் வாய்க்குள் கைவிடும் முன்

வளர்ப்பு நாய் இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை. கீழ்த்தாடை தொங்கிக் கிடக்கிறது. மூட முடியாத வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகுகிறது. குரைப்பு கரகரத்து, வேறு ஏதோ நாயின் குரல் போலாகிவிட்டது. தண்ணீர்க் கிண்ணத்தை வைத்தால் முகத்தைக் கொண்டுபோகிறது; விழுங்கத்தான் முடியவில்லை. "தொண்டையில எலும்பு சிக்கியிருக்கும்" என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தலையை மடியில் சாய்த்துக்கொண்டு, விரலை உள்ளே விட்டுத் துழாவுவார்கள். கால்நடை மருத்துவம் படிப்பவர்களுக்கு அழுத்திச் சொல்லித் தரப்படும் எச்சரிக்கை இந்த இடத்துக்குத்தான்: வாய் மூடாத நாயின் வாயில் வெறுங்கையை விடக்கூடாது.

வெறிநோய் என்றதும் கண் சிவந்து, கண்டவரை எல்லாம் துரத்திக் கடிக்கும் தெருநாய்தான் நம் மனதில் வருகிறது. அது நோயின் ஒரு முகம். இன்னொன்று, மேலே சொன்ன முடக்கு வகை. இதில் நாய் யார்மீதும் பாயாது. கட்டிலுக்கு அடியில், மாடிப்படியின் கீழே இருட்டான இடமாகப் பார்த்து ஒடுங்கிக்கொள்ளும். தாடையும் தொண்டையும் செயலிழந்து, சில நாட்களில் இறந்துவிடும். கடிக்காத நாய் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அந்த எச்சில் முழுக்க வைரஸ். விரலில் நகக்கண் பிய்ந்த சிறு புண் இருந்தாலே அதற்குப் போதும்.

உள்ளே நுழைந்த வைரஸ் என்ன செய்கிறது என்று தெரிந்தால், மருத்துவர்கள் ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறார்கள் என்பது விளங்கும். ரேபிஸ் வைரஸ் துப்பாக்கிக் குண்டு வடிவிலானது. மற்ற பல வைரஸ்களைப் போல அது ரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவுவதில்லை. கடிபட்ட தசையில் தங்கி, அங்கே வந்து முடியும் நரம்பின் நுனியைப் பற்றிக்கொள்கிறது. பிறகு நரம்பு இழைக்குள்ளேயே மூளையை நோக்கி ஊர்கிறது. நரம்புக்குள் அதன் வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 முதல் 10 சென்டிமீட்டர். நரம்பில் ஏறும் முன் தசையிலேயே நாட்கணக்கில் காத்திருப்பதும் உண்டு. அதனால்தான் கடித்து ஒன்று முதல் மூன்று மாதங்கள் வரை பெரும்பாலும் ஒரு அறிகுறியும் தெரிவதில்லை. முகம், தலை, விரல்நுனி என நரம்புகள் அடர்ந்த இடத்தில் கடி விழுந்தால் இந்த அவகாசம் சுருங்கும். மூளையைத் தொட்டபின் வைரஸ் திரும்பி எச்சில் சுரப்பிகளுக்கு வருகிறது. அந்தக் கட்டத்துக்கு வந்தவரை மீட்க இன்றுவரை நம்பகமான மருந்து இல்லை.

ஆக, கடிக்கும் மூளைக்கும் இடைப்பட்ட அந்த அவகாசம் மட்டுமே நம் கையில் இருக்கிறது. அதன் முதல் பதினைந்து நிமிடங்களைத்தான் நாம் பெரும்பாலும் வீணாக்குகிறோம். காயத்தில் மஞ்சள் வைப்பார்கள், காபித்தூள் அப்புவார்கள், சுண்ணாம்பு தடவுவார்கள், மிளகாய்ப்பொடி தூவுவார்கள். ரணமான சதை இன்னும் புண்ணாகி, வைரஸ் ஆழப் போகவே இவை உதவும். செய்ய வேண்டியது, குழாயைத் திறந்து காயத்தை ஓடும் நீரில் காட்டுவது. துணிசோப்பானாலும் சரி, குளியல்சோப்பானாலும் சரி, நுரை வரத் தேய்த்து, பதினைந்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் கழுவ வேண்டும். வைரஸின் மேலுறை கொழுப்பாலானது. பாத்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பது போலவே சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடுகிறது; உறை போனால் அதனால் நரம்பைப் பற்ற முடியாது. கழுவியதும் அயோடின் கரைசல் போடலாம். கட்டு போட வேண்டாம். தவிர்க்க முடிந்தவரை தையலும் வேண்டாம். இவ்வளவும் செய்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கழுவியது ஊசிக்கு மாற்றாகாது.

ஊசி என்றதும் பலர் தயங்குவதற்கு ஒரு பழைய பயமே காரணம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பாட்டிமார் சொன்னது பொய்யல்ல. 1885 ஜூலை 6 அன்று லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டருக்கு, முயலின் தண்டுவடத்தை உலர்த்திச் செய்த தடுப்பு மருந்தைச் செலுத்த வைத்தார், சிறுவன் பிழைத்தான். நம் பக்கம் குன்னூரில் 1907-இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன் ஓர் ஆங்கிலேயப் பெண் வெறிநோயால் இறந்தது அதற்குத் தூண்டுதலாக இருந்தது. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய மருந்து ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து எடுக்கப்பட்டது. நிறைய அளவு செலுத்த வேண்டியிருந்ததால் வயிற்றில் போட்டார்கள். அதிலிருந்த நரம்புத் திசுவால் சிலருக்குப் பக்கவாதம்கூட வந்தது. அந்த மருந்தின் தயாரிப்பு இந்தியாவில் 2004-ஆம் ஆண்டின் இறுதியில் நின்றுபோனது.

இப்போது போடுவது ஆய்வகத்தில் வளர்த்த உயிரணுக்களில் தயாராகும் மருந்து. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் 0.1 மில்லி வீதம் இரண்டு கைகளிலும் போடுகிறார்கள்: முதல் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். ஆனால் தடுப்பூசி நம் உடலைத் தூண்டி எதிர்ப்பொருளை உண்டாக்க ஒன்றிரண்டு வாரமாகும். ஆழமான காயத்தில், அதிலும் முகத்துக் காயத்தில், அதுவரை காத்திருக்க முடியாது. அதற்காகத்தான் ஆயத்த எதிர்ப்பொருளான இம்யூனோகுளோபுலினைக் காயத்துக்குள்ளேயே ஊசியால் செலுத்துகிறார்கள். வலிக்கும்தான். ரத்தம் வந்த கடிக்கு இது தேவையா என்று கேட்காமல் திரும்பிவிடாதீர்கள். நாய்க்கடி ஊசி போட்டும் உயிர் போனது என்று கேள்விப்படும் சம்பவங்களில், இது போடப்படாமல் விடுபட்டிருப்பது அடிக்கடி தெரியவருகிறது.

நாய் வளர்ப்பவர்கள் "நம்ம நாய்தானே", "குட்டிதானே", "பல்லுதான் லேசா பட்டுச்சு" என்ற மூன்று வார்த்தைகளை மறந்துவிட்டால் பாதி ஆபத்து குறையும். தெருவில் கிடைத்த இரண்டு மாதக் குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். தாய்ப்பால் வழியாக வந்த எதிர்ப்பொருள் தடுப்பூசியின் வேலையைக் கெடுக்கும் என்பதால், குட்டிக்கு முதல் ஊசியைப் பொதுவாக மூன்றாம் மாதத்தில் போடுகிறார்கள். அதுவரை குட்டியை வெளிநாய்களோடு பழகவிடாமல் வைத்திருப்பது வளர்ப்பவர் பொறுப்பு. சில வாரங்களில் ஊக்க ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. வீட்டைவிட்டே வெளியே போகாத நாய் என்று இதை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. கேட் திறந்திருக்கும் ஒரு நிமிடம் போதாதா? மைஸ்டருக்கு ஊசி போட்ட ஜூலை 6, உலக விலங்குவழி நோய்கள் தினம். அதையொட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் இலவச ஊசி முகாம்கள் நடக்கின்றன.

உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் இறப்பதாக மதிப்பீடு. அவர்களில் பத்தில் நான்கு பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். குழந்தையின் முகமும் நாயின் வாயும் ஏறக்குறைய ஒரே உயரம். அதோடு, பிள்ளைகளுக்கு நாயின் முகக்குறி புரிவதில்லை. வாலாட்டினால் பிரியம் என்று நாம்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இத்தாலிய ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், எஜமானரைப் பார்த்த நாயின் வால் வலப்பக்கம் அதிகமாகச் சாய்ந்தது. அறிமுகமில்லாத, மிரட்டும் நாயைக் கண்டபோது இடப்பக்கம் சாய்ந்தது. வால் இரண்டு வேளையிலும் ஆடத்தான் செய்தது. வாலைவிட மற்ற உடம்பைப் பாருங்கள்: முகத்தைத் திருப்பி உதட்டை நக்குவது, தூக்கமே இல்லாதபோது கொட்டாவி விடுவது, கடைக்கண்ணில் வெள்ளை தெரிவது, திடீரென்று உடல் விறைத்து அசையாமல் நிற்பது. இவை தெரிந்தால் குழந்தையை அந்த நொடியே விலக்க வேண்டும். சாப்பிடும் நாயின் தட்டருகேயும், குட்டி போட்ட நாயின் அருகேயும் பிள்ளைகளை விடவே கூடாது.

இவ்வளவுக்கும் மீறி நாய் கடித்துவிட்டால், கோபத்தில் அதை அடித்துக் கொன்றுவிடுவதும் தொலைவில் கொண்டுபோய் விட்டுவிடுவதும் கடிபட்டவருக்கே கேடு. வெறிநோயுள்ள நாயின் எச்சிலில் வைரஸ் வரத் தொடங்கினால், அதிலிருந்து பத்து நாட்களுக்குள் அது நோய்க்குறி காட்டும் அல்லது இறந்துவிடும். ஆகவே நாயைக் கட்டிவைத்துச் சோறு தண்ணீர் வைத்துப் பத்து நாள் கவனியுங்கள். கடிபட்டவர் அதற்காகக் காத்திருக்காமல் முதல் நாளே ஊசியைத் தொடங்கிவிட வேண்டும். நாய் நலமாக இருந்தால், மீதி ஊசிகளை நிறுத்தலாமா தொடரலாமா என்று மருத்துவர் சொல்வார். இறந்துவிட்டால் உடலை உடனே புதைத்துவிடாமல் கால்நடை மருத்துவமனைக்குத் தகவல் கொடுங்கள். மூளைத் திசுவைச் சோதித்து நோயை உறுதிசெய்ய முடியும். அந்தச் சோதனை முடிவு, கடிபட்டவருக்கு மட்டுமல்லாமல், அந்த நாயைக் கடைசி நாட்களில் குளிப்பாட்டியவருக்கும், அதற்கு மாத்திரை கொடுக்க வாயைப் பிளந்தவருக்கும் ஊசி தேவையா என்பதைத் தீர்மானிக்கும்.