இரவோடு இரவாக ஒரு மாறுவேடம்

மாலை ஏழு மணிக்குப் பள்ளியிலிருந்து செய்தி வரும்: "நாளை மாறுவேடப் போட்டி. குழந்தைகளைத் தயார் செய்து அனுப்பவும்." சில வீடுகளில் செய்தி பத்து நாள் முன்பே வந்திருக்கும்; குழந்தை சொல்ல மறந்திருப்பான். எப்படியானாலும் அன்று இரவு அந்த வீட்டில் தூக்கம் இல்லை. கடைகள் மூடும் நேரம். வாடகைக்கு உடை கொடுக்கும் இடங்களில் நல்லதெல்லாம் போய்விட்டிருக்கும். இருப்பதும் குழந்தையின் அளவுக்குச் சரியாக இராது. வாடகை ஒரு புறம், முன்பணம் ஒரு புறம். மாதக் கடைசி என்றால் கேட்கவே வேண்டாம்.

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது ஆண்டுதோறும் வரும் சோதனை. மலையாளத்தில் இதற்குப் 'பிரச்சன்ன வேஷம்' என்று பெயர். நவம்பர் 14ஆம் தேதி குழந்தைகள் தினம், பள்ளி ஆண்டு விழா, குடியிருப்போர் சங்கத்தின் ஓணக் கொண்டாட்டம், அஷ்டமி ரோகிணி அன்று தெருவெல்லாம் குட்டிக் கண்ணன்கள் வரும் ஊர்வலம் என்று வேடம் போடும் நாட்களுக்கு இங்கே குறைவில்லை. இப்போது சில பள்ளிகளிலும் வணிக வளாகங்களிலும் அக்டோபர் 31ஆம் தேதி 'ஹாலோவீன்' என்ற மேல்நாட்டுப் பேய் வேடத் திருநாளும் சேர்ந்துகொண்டது.

இதற்காக யாரும் கலங்க வேண்டியதில்லை. நல்ல மாறுவேடத்துக்குப் பணம் தேவையில்லை. ஓர் அடையாளம் போதும்.

சருகும் பாளையும்

ஹாலோவீன் திருநாளின் கதையே இதற்குச் சாட்சி. இன்று அமெரிக்காவில் அதற்கென்று பெரும் வியாபாரம் நடக்கிறது. ஆனால் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் அது ஏழை எளியவர்களின் விழாவாகத்தான் இருந்தது. கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தார்கள். அமெரிக்காவில் குடியேறியவர்களுக்கு அங்கே பூசணிக்காய் தாராளமாகக் கிடைத்தது; கிழங்கின் இடத்தைப் பூசணி பிடித்தது. பழைய படுக்கை விரிப்பில் கண்ணுக்கு இரண்டு துளை போட்டால் பேய் தயார்.

நம் பக்கம் மட்டும் என்ன குறைவு? தென் கேரளத்தில் ஓணக் காலத்தில் வரும் 'கரியிலை மாடன்' வேடத்துக்கு ஆகும் செலவு பூஜ்யம். தோட்டத்தில் தொங்கும் வாழைச் சருகை உடம்பெல்லாம் சுற்றிக் கட்டிக்கொண்டால் மாடன் வந்துவிட்டான். பத்தனம்திட்டைப் பகுதியின் படையணியில் கமுகம்பாளையே முகமாகிறது. பாளையின் பச்சையும் வெண்மையும் இயற்கையிலேயே இருக்கின்றன. கரி கறுப்பைத் தருகிறது, செங்கல் சிவப்பைத் தருகிறது, மஞ்சள் மஞ்சளைத் தருகிறது. திரிச்சூர்க் கும்மாட்டிக்குப் புல்தான் ஆடை.

தமிழ்நாட்டுப் பக்கம் பார்த்தால், திருச்செந்தூருக்கு அருகே குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவில் ஆயிரக்கணக்கானோர் நேர்த்திக்கடனாக வேடம் பூணுகிறார்கள். காளி, குரங்கு, காவலர், ராஜா என்று எத்தனையோ வேடங்கள்! வேடம் போட்டவர் வீடு வீடாகச் சென்று காணிக்கை பெற்றுக் கோயிலில் சேர்க்கிறார். அங்கே வேடத்தின் மதிப்பை விலை நிர்ணயிப்பதில்லை, விரதம் நிர்ணயிக்கிறது.

ஓர் அடையாளம் போதும்

மேடையில் குழந்தை நிற்பது இரண்டு நிமிடம். பார்ப்பவர்கள் முதல் பார்வையிலேயே "இது இன்னார்" என்று அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு ஒரே ஓர் அடையாளத்தைத் தெரிந்தெடுத்து அதைத் திருத்தமாகச் செய்தால் போதும். மற்றவற்றைக் காண்பவர்களின் கற்பனை நிரப்பிக்கொள்ளும்.

காந்தியடிகள்: ஒரு வெள்ளைத் துண்டு, ஒரு கம்பு, வட்டக் கண்ணாடி. மெல்லிய செம்புக் கம்பியை ஒரு டம்ளரைச் சுற்றி வளைத்தால் கண்ணாடிச் சட்டம் கிடைக்கும். முனைகளில் ஒட்டு நாடாவைச் சுற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் காதைக் கிழிக்கும். காந்தியடிகள் அரை ஆடைக்கு மாறியது 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் தேதி, மதுரையில். ஏழை விவசாயிகளின் உடையே தம் உடை என்று அவர் முடிவு செய்த ஊர் நம் தமிழ் ஊர் என்பதைக் குழந்தை ஒரு வாக்கியத்தில் மேடையில் சொல்லட்டும்.

பாரதியார்: அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கிழிக்காமல் மடித்துக் கட்டினால் முண்டாசு. பழைய கறுப்புக் கோட்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பொத்தான் போடாத கறுப்புச் சட்டை. கண்மையால் முறுக்கு மீசை, நெற்றியில் பொட்டு. மார்பை நிமிர்த்தி நிற்பதுதான் இதில் பாதி வேடம்.

ஔவையார்: பாட்டியின் வெள்ளைப் புடவை, நெற்றி நிறையத் திருநீறு, ஒரு கோல், தோளில் ஒரு துணி முடிச்சு. தலை நரைக்க முகப் பவுடரைச் சீப்பில் தடவி வாரினால் போதும். குழந்தை கண்ணை மூடிக்கொள்ளட்டும்.

கேப்டன் லட்சுமி: தமிழ்த் தந்தைக்கும் மலையாளத் தாய்க்கும் 1914இல் சென்னையில் பிறந்தவர், 1943இல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் ஜான்சி ராணி படைக்குத் தலைமை ஏற்றவர். இரு மொழிக்கும் உறவான நம் வீட்டுப் பெண் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் உண்டோ? அண்ணனின் சாரணர் காக்கிச் சட்டை, காக்கி நிறத் தாளை மடித்துச் செய்த குல்லாய், அகலமான இடைவார், ஒரு வணக்கம்.

தும்பா ராக்கெட்: 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி நம் நகரை ஒட்டிய தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. அந்நாளில் ஒரு தேவாலயக் கட்டடமே அலுவலகமாக இருந்தது. ராக்கெட்டின் பாகம் சைக்கிளில் போன புகைப்படத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இரண்டு வெள்ளை சார்ட் தாள்களை ஒட்டி உருளையாக்கி, கை நுழைய இரு பக்கமும் வெட்டி, தோளில் நாடா கட்டி மாட்டுங்கள். இன்னொரு தாளில் கூம்புத் தொப்பி. பக்கவாட்டில் அட்டையால் மூன்று சிறகுகள். மார்பில் 'தும்பா 1963' என்று பெரிதாக எழுதுங்கள். உருளை முழங்காலுக்கு மேலேயே நிற்கட்டும். இல்லாவிட்டால் ராக்கெட் மேடைப் படியில் தடுக்கி விழும்.

இவை தவிரத் தபால்காரர், மருத்துவர், செவிலியர், கட்டுமரத்து மீனவர், சாலைக் கடைத்தெரு வியாபாரி என்று உழைப்பாளர்களின் வேடங்கள் ஏராளம். சாலைத் தெருவின் தராசையும் காதில் செருகிய பென்சிலையும் அறியாத தமிழ்க் குடும்பம் இந்நகரில் உண்டா?

மலிவான எண்ணம் வேண்டாம்

கடைசி நேரத்தில் பலருக்கும் முதலில் தோன்றுவது என்ன? கிழிந்த துணியைப் போட்டுப் 'பிச்சைக்காரன்' ஆக்கலாம்; முகத்தில் கரியைப் பூசி 'ஆதிவாசி' ஆக்கலாம்; தலையைக் கலைத்துப் 'பைத்தியம்' ஆக்கலாம். செலவே இல்லை, சபையும் சிரிக்கும். ஆனால் அதே வகுப்பில், அதே சபையில், கறுத்த நிறம் கொண்ட ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். மலையிலிருந்து வந்து படிக்கும் ஒரு குழந்தை இருக்கும். மனநலம் குன்றிய ஒருவர் வீட்டில் உள்ள ஒரு குழந்தை இருக்கும். சபை சிரிக்கும்போது அந்தக் குழந்தை யாரைப் பார்க்கும்? எங்கே முகத்தை வைத்துக்கொள்ளும்?

இந்த மண்ணில் உடை என்பது ஒரு காலத்தில் விளையாட்டாக இருக்கவில்லை. இன்றைய குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த நாளில், மேலாடை அணியும் உரிமைக்காக நம் பெண்கள் பல்லாண்டுகள் அடிபட்டுப் போராடினார்கள். 1859இல் வந்த அரச அறிவிப்பு நாடார் பெண்கள் மேலாடை அணிய இசைவு தந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல் அணியக் கூடாது என்ற கட்டுப்பாட்டோடுதான் தந்தது. 1893இல் வெங்ஙானூர் அய்யன்காளி தலைப்பாகையும் மேலாடையுமாக, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொது வீதியில் வில்வண்டி ஓட்டிப் போனார். அந்தத் தலைப்பாகை வெறும் துணியா? 1980இல் இந்திரா காந்தி திறந்துவைத்த அவருடைய சிலை வெள்ளையம்பலம் சந்திப்பில் இன்றும் நிமிர்ந்து நிற்கிறது.

பிறரைச் சிறுமைப்படுத்தும் வேடத்துக்குப் பதிலாக அந்த அய்யன்காளி வேடத்தையே போடலாமே! வெள்ளை வேட்டி, கோட்டு, தலைப்பாகை, இவ்வளவுதான் தேவை. பிச்சைக்காரன் வேடத்தைவிட ஒரு காசு கூடுதலாக ஆகாது. செலவு மலிவாக இருக்கட்டும். எண்ணம் மலிவாக இருக்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

போஸ்டர் வண்ணமும் எண்ணெய் வண்ணமும் தாளுக்கு உரியவை. தோலுக்கு உரியவை அல்ல. கண்மை, அரிசி மாவுக் குழம்பு போன்றவற்றையும் முதல் நாள் இரவே மணிக்கட்டின் உட்புறத்தில் சிறிது தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ தோன்றினால் விட்டுவிடுங்கள். மை தீட்டுவதற்கு முன் லேசாகத் தேங்காய் எண்ணெய் பூசினால் பிறகு துடைத்தெடுப்பது எளிது. தாடி, மீசைக்குப் பஞ்சைக் கோந்து போட்டு முகத்தில் ஒட்டாதீர்கள். துணித் துண்டில் பஞ்சைத் தைத்து நூலால் காதில் மாட்டிவிடலாம்.

குழந்தைகள் தினம் வருவது ஐப்பசிக் கடைசியில். மலையாளத்தில் 'துலாவர்ஷம்' என்று சொல்லும் மழை இடியோடு எந்நேரமும் கொட்டும். கிரேப் தாள் நனைந்தால் சாயம் ஓடிப் பள்ளிச் சட்டையைக் கெடுக்கும். தாளால் ஆனவற்றைப் பெரிய பிளாஸ்டிக் பையில் கொண்டுபோய்ப் பள்ளியிலேயே மாட்டிவிடுவது நல்லது. தாளும் சருகும் தீயைப் பிடிக்கும். அவற்றை அணிந்த குழந்தையின் அருகே விளக்கு, மெழுகுவர்த்தி எதுவும் வேண்டாம். கண்ணை மறைக்கும் முகமூடியைவிட நெற்றிக்கு மேல் நிற்கும் முகமூடி பத்திரமானது.

வேடம் முடிந்ததும் நான்கு சோதனைகள் செய்து பாருங்கள். குழந்தையால் நடக்க முடிகிறதா? உட்கார முடிகிறதா? தண்ணீர் குடிக்க முடிகிறதா? பிறர் உதவி அதிகமின்றிக் கழிப்பறைக்குப் போக முடிகிறதா? நான்குக்கும் 'ஆம்' என்றால் வேடம் வெற்றி. வாடகைப் பட்டு உடையில் வேர்த்துப் புழுங்கி அழும் ராஜகுமாரனைவிடத் துண்டு உடுத்திச் சிரிக்கும் காந்தி மேல்.

பேச்சு இரண்டு வாக்கியம் போதும்: "நான் யார்? நான் என்ன செய்தேன்?" பள்ளியின் மொழி மலையாளமானால் முதல் வாக்கியம் மலையாளத்தில் இருக்கட்டும், பாரதியும் ஔவையும் ஒரு வாக்கியம் தமிழிலும் பேசட்டும். ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு கேட்பார்கள்.

இன்னொன்று: வேலை முழுவதையும் தாயின் தலையிலேயே கட்டிவிட வேண்டாம். தொப்பிக்குத் தாள் வெட்டக் குழந்தைக்கே கத்தரியைக் கொடுங்கள்; முண்டாசு கட்ட தாத்தாவைக் கூப்பிடுங்கள். ஓரம் சற்றுக் கோணலானால் என்ன? "இது நானே செய்த தொப்பி" என்று சொல்லும் குழந்தைக்கு மேடையில் பயம் வராது. பரிசு கிடைத்தால் மகிழ்ச்சி. கிடைக்காவிட்டாலும் தொப்பி வீட்டுக்கு வந்துவிடும். வாடகை உடையைத்தான் மறுநாள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.