உஷார்! பதினாறு டெரா பைட் பொய்

சாம்பல்தீவு, உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீட்டில் கம்பியூட்டர் வைத்திருப்பவர்களே, முக்கியமாகக் கல்யாணவீடு, சாமத்தியவீடு என்று வீடியோ எடுத்துப் பிழைக்கும் பிள்ளைகளே, இதை வாசித்துவிட்டு ஓர்டர் போடுங்கள். கைபேசியைத் திறந்தால் விளம்பரம் வந்து நிற்கிறது: 16 டெரா பைட் டிஸ்க், சில ஆயிரம் ரூபாய்தான், சாமான் கைக்கு வந்த பிறகு காசு கொடுத்தால் போதும். தொடாதீர்கள். உண்மையான 16 டெரா ஹார்ட் டிஸ்க் லட்சக் கணக்கில் போகிற சாமான்.

இப்படிப்பட்ட பெட்டிகளைக் கழற்றிப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது, கைபேசியில் போடுகிற சின்ன மெமரி கார்டுதான். அதைப் பசை போட்டு ஒட்டி, பாரம் தெரியட்டும் என்று ஓர் இரும்புத் துண்டையும் வைத்திருப்பார்கள். கார்டு 64 ஜிபி என்றாலும் கம்பியூட்டரிடம் ‘நான் 16 டெரா’ என்று சொல்லும்படி அதன் மென்பொருளை மாற்றியிருப்பார்கள். முதல் 64 ஜிபி ஒழுங்காக ஏறும். அதற்கு மேல் போடுவது பழையதை அழித்து எழுதும், அல்லது எங்குமே பதியாது. பிழைச்செய்தி ஒன்றும் வராது. கோப்புகளின் பெயர்ப் பட்டியல் மட்டும் தப்பிக் கிடப்பதால் போல்டரில் எல்லாப் பெயரும் வரிசையாகத் தெரியும், அளவும் சரியாகக் காட்டும். வீடியோவை ஓடவிட்டால்தான் குட்டு வெளிப்படும். அதற்குள் கமெராக் கார்டை அழித்து அடுத்த கல்யாணவீட்டுக்குக் கொண்டுபோயிருப்பீர்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது?

ஆகவே எந்த டிஸ்க் வாங்கினாலும், நல்ல கடையில் வாங்கினாலும், ஒரு கோப்பும் போடுவதற்கு முன் முழுவதையும் எழுதி வாசித்துச் சோதியுங்கள். விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸுக்கு எஃப்3, இரண்டும் இலவசம். உண்மையான 16 டெரா என்றால் சோதனை இரண்டு நாளுக்குக் கிட்டப் பிடிக்கும். பிடிக்கட்டும்.

நல்ல கம்பெனிப் பெயர் இருந்தாலும் நம்பிவிட முடியாது. 2025 ஜனவரியில் ஜெர்மனியில் ஒரு கூத்து வெளிவந்தது. புதிது என்று விற்ற சீகேட் டிஸ்க்குகள் பல, ஆயிரக்கணக்கான மணிநேரம் ஓடிக் களைத்தவை. சியா என்ற கிரிப்டோ நாணயத்துக்காக ஓடியவை என்று சந்தேகம். ஓடிய மணிக்கணக்கைப் பூச்சியமாக்கி விற்றிருந்தார்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தால் புத்தம் புதிதாகத் தெரியும். சீகேட்டின் ‘ஃபார்ம்’ என்ற உள்பதிவை ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருள் கொண்டு வாசித்தபோதுதான் உண்மை பிடிபட்டது. ஜெர்மன்காரனையே ஏமாற்றுகிறவன் திருகோணமலைக்கு அனுப்பும்போது கூச்சப்படவா போகிறான்? காசு கொடுக்குமுன் டிஸ்க்கின் தொடர் இலக்கத்தைக் கம்பெனித் தளத்தில் போட்டு உத்தரவாதம் எதுவரை இருக்கிறது என்று பாருங்கள்.

பழைய கம்பியூட்டர்காரருக்கு ஒரு சொல். டிஸ்க்கை எம்பிஆர் முறையில் பிரித்தால் 2 டெராவுக்கு மேல் உள்ள இடம் பயன்படாது. ஜிபிடி என்று தெரிவுசெய்யுங்கள்.

அடுத்தது கரண்ட். பெரிய டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் கணத்தில் 12 வோல்ட் வயரில் இரண்டு அம்பியர் அளவுக்கு இழுக்கும். நாலு டிஸ்க் ஒன்றாக எழும்பினால் கிட்டத்தட்ட 100 வாட். மலிவு பவர் சப்ளையில், வயரைப் பிரிக்கும் மலிவு அடாப்டரில் நாலையும் கொழுவினால் பிளக் உருகலாம், தீப்பிடிக்கவும் கூடும். கரண்ட் திடீரென்று போனாலும் ஆபத்துத்தான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் பூந்த ஒரு குரங்கு நாடு முழுவதையும் இருட்டாக்கியது நினைவிருக்கும். அந்த நேரம் எழுதிக்கொண்டிருந்த டிஸ்க் என்ன பாடுபட்டிருக்கும்? வெளி டிஸ்க்குகள் பலவும் எக்ஸ்ஃபாட் முறையில் வருகின்றன. எழுதும்போது கரண்ட் போனால் தன்னைத் திருத்திக்கொள்ள அதனிடம் குறிப்பேடு இல்லை, என்டிஎஃப்எஸ்ஸில் உண்டு. யூபிஎஸ் இல்லாமல் பெரிய டிஸ்க் பூட்டுவதை நான் பைத்தியக்காரத்தனம் என்றே சொல்வேன். நம் உப்புக் காற்று செம்பு முனைகளைக் கறுக்க வைப்பதையும் மறக்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் பெரிய வில்லங்கம், மூன்று நாலு டிஸ்க்கை இணைத்து ஒரே பெரிய டிஸ்க்காக்கும் ஆசை. அப்படி இணைத்தால் ஒன்று செத்தாலும் மற்றவற்றில் உள்ளதும் பெரும்பாலும் அதோடு போகும். ‘ஒன்று செத்தாலும் மற்றவை தாங்கும் ரெய்டு முறையில் போட்டிருக்கிறேன், பயமில்லை’ என்பவர்களுக்கும் சொல்கிறேன்: ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு தாங்கும், வைரஸ் வந்தால் தாங்காது. திருட்டு மென்பொருளோடு வரும் ரான்சம்வேர் என்ற கப்பம் கேட்கும் வைரஸ், கொழுவியிருக்கும் டிஸ்க் அத்தனையையும் பூட்டிவிடும். அரசாங்கமே இதில் அடிபட்டது. 2023 ஓகஸ்டில் இலங்கை அரச மின்னஞ்சலைத் தாக்கிய ரான்சம்வேர், இணைப்பில் இருந்த பேக்கப்பையும் சேர்த்தே பூட்டியது. கழற்றி வைத்த பிரதி இல்லாததால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயே போயின. ஏறக்குறைய 5,000 கணக்குகள்.

ஆகவே 16 டெரா ஒன்று வாங்குவதற்குப் பதிலாக 8 டெரா இரண்டு வாங்குங்கள். ஒன்று வேலைக்கு. மற்றதில் பிரதி எடுத்து, வயரைக் கழற்றி, இன்னொரு வீட்டில் வையுங்கள். அந்த வீடும் இதே கரையில் வேண்டாம். 2004இல் கடல் ஏறியதும், 2020 டிசெம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்ததும் நமக்குத் தெரியாததா? வவுனியாவிலோ கண்டியிலோ ஒரு மாமா வீடு இல்லாமலா போகும்?

கடைசியாக, டிஸ்க்கில் ‘டிக் டிக்’ சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால் உள்ளே இருக்கும் வாசிக்கும் முனை தட்டைச் சுரண்டிவிடலாம், பிறகு நிபுணராலும் மீட்க முடியாமல் போகலாம். கொழுவியவுடன் ‘ஃபார்மட் செய்யவா?’ என்று விண்டோஸ் கேட்டால் ‘வேண்டாம்’ என்று அமத்திவிட்டு, விஷயம் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.